விலாசப் பட்டியல் வைத்திருந்த மனிதர்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குப் போன மாசி மாதம் வைஃபை போட்டோம். ஊர் என்றால் வலிகாமம் வடக்கில், 1990இல் விட்டுவிட்டு ஓடி, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் முகாமிலும் வாடகை வீட்டிலும் இருந்து, காணி விடுபட்ட பிறகு திரும்பி வந்து பற்றை வெட்டிக் குடியேறிய ஊர்களில் ஒன்று. நிலையத்தின் பழைய கட்டடத்தில் அத்திவாரம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. கனடாவில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் காசு சேர்த்துப் புதிதாகக் கட்டித் தந்தார்கள். காலையில் பத்திரிகை வாசிக்கப் பெரியவர்கள் ஐந்தாறு பேர் வருவார்கள். பின்னேரத்தில் சாதாரண தரமும் உயர்தரமும் படிக்கும் பிள்ளைகள் முப்பது பேர் வரை. அவர்களுக்காகத்தான் வைஃபை. கணினி வலையமைப்புப் பூட்டுவது என் தொழில் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

பூட்டி மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. நான்காம் நாள் பிரிண்டர் பேசாமல் இருந்துவிட்டது. அதே நேரம் ஒரு பிள்ளையின் போனில் வைஃபை அடையாளம் முழுதாகக் காட்டுகிறது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. பிழை என்னுடையது. பிரிண்டருக்கு 192.168.1.105 என்ற எண்ணை நானே கையால் போட்டிருந்தேன். ரவுட்டரோ வந்து இணைகிற போன்களுக்கெல்லாம் 100இலிருந்து 199 வரையான எண்களைத் தானாகவே பங்கிட்டுக் கொண்டிருந்தது. பிரிண்டர் நிறுத்தியிருந்த ஒரு நேரத்தில், 105 சும்மாதானே கிடக்கிறது என்று நினைத்து அதை அந்தப் பிள்ளையின் போனுக்குக் கொடுத்துவிட்டது. பிறகு பிரிண்டரைப் போட்டதும் ஒரே எண்ணுக்கு இரண்டு பேர். வருகிற தகவல் ஒருதரம் இவருக்குப் போகும், ஒருதரம் அவருக்குப் போகும். இருவருக்கும் ஒழுங்காகக் கிடைக்காது.

இதை நிலையத்துத் தலைவருக்கு விளங்கப்படுத்த எனக்குக் கஷ்டமிருக்கவில்லை. அவர் இளைப்பாறிய தபாலதிபர். ஒரே விலாசத்தில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரன் பாடு என்னவாகும் என்று கேட்டதும் சிரித்துவிட்டார். 1995 இடப்பெயர்வில் தென்மராட்சியில் வந்து குவிந்த கடிதங்களைப் பற்றிச் சொன்னார். எல்லாம் சரியான விலாசம் எழுதிய கடிதங்கள். ஆனால் அந்த விலாசத்தில் ஆள் இல்லை. ஆள் இருக்கிற இடத்துக்கு விலாசம் இல்லை. எந்தக் குடும்பம் எந்தப் பாடசாலையில், எந்தக் கோயில் மடத்தில் இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்துத்தான் சிலதையாவது கொண்டுபோய்ச் சேர்த்தாராம்.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். இந்த 192.168 என்பதை முதலில் யார் தீர்மானித்தது? உலகம் முழுக்க இந்த எண்களைப் பங்கிட ஒரு கந்தோர் இருக்க வேண்டுமே, அதன் தபாலதிபர் யார்?

நான் இருபது வருடமாக இந்த எண்களைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தபாலதிபரின் பெயரும் எனக்குத் தெரியும். ஆனால் நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற கதை அல்ல அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் ஜோன் பொஸ்டெல். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அல்டடீனா என்ற ஊரில் 1943 ஓகஸ்ட் 6ஆம் திகதி பிறந்தவர். லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் உள்ள வான் நைஸ் உயர்நிலைப் பாடசாலையில் படித்தார். பின்னாளில் இணையத்தின் தந்தையர் என்று பெயர் வாங்கியவர்களில் வின்ட் சேர்ஃப், ஸ்டீவ் குரோக்கர் ஆகிய இருவரும் அதே பாடசாலைதான். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று பேர்! ஹாட்லிக் கல்லூரிக்காரரும் மகாஜனாக்காரரும் இப்படி ஒரு சங்கதி கிடைத்திருந்தால் வருடா வருடம் மலர் போட்டிருப்பார்கள்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் 1966இல் இளமாணி, 1968இல் முதுமாணி, 1974இல் கணினி விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம். இந்த வருடங்களுக்கு நடுவில்தான் அந்த வளாகத்தில் இணையத்தின் முதல் முளை விட்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று, தன் பணத்தில் ஆராய்ச்சி செய்யும் பல்கலைக்கழகங்களின் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்க விரும்பியது. ஆர்பாநெட் என்பது அதன் பெயர். 1969 ஒக்டோபர் 29ஆம் திகதி இரவு, லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் செய்தி போனது. இரண்டு எழுத்துப் போனதும் மறுபக்கத்துக் கணினி விழுந்துவிட்டது என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை. அந்தக் குழுவில் இருந்த மாணவர்களில் ஒருவர் பொஸ்டெல். அந்த ஆண்டு முடிய மொத்தம் நான்கு இடங்கள்தான் இணைந்திருந்தன.

நான்கு இடங்களுக்குப் பட்டியல் தேவையில்லை. ஆனால் அது பத்தாகி இருபதாகும் என்று தெரிந்த ஒரு ஆள் வேண்டும். பெரிய அறிவாளிகள் நிறைந்த அந்த அறையில் யாருக்கும் பிடிக்காத வேலை அது. எந்த எண்ணை எந்த வேலைக்கு ஒதுக்கியிருக்கிறது, யார் எதைப் பாவிக்கிறார் என்று குறித்து வைப்பது, இரண்டு பேர் ஒன்றையே எடுக்காமல் பார்ப்பது. பொஸ்டெல் அதைத் தாமாகவே எடுத்துக்கொண்டார். 1972 மே மாதம் ஒரு சிறு குறிப்பு எழுதிச் சுற்றுக்கு விட்டார். இந்த எண்களைக் கொடுப்பதற்கு ஒரே ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும், அது நானாகவும் இருக்கலாம் என்று பாதி பகிடியாகக் கேட்டிருந்தார். ஒருவரும் மறுக்கவில்லை. நாட்டுக்கு நாடு தேர்தல் வைத்துத் தெரிவு செய்த பதவி அல்ல. கோயில் கணக்கை எழுத ஆளில்லாதபோது ஒருவர் கொப்பியைத் தூக்குவாரே, அப்படித்தான்.

இந்தக் குறிப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்.எப்.சி. என்று அழைக்கப்படும் இவற்றை 1969 ஏப்ரலில் குரோக்கர் தொடக்கினார். இப்படிச் செய்யலாமா, கருத்துச் சொல்லுங்கள் என்று மற்றவர்களிடம் கேட்கும் கடிதங்கள் அவை. சட்டம் அல்ல, கட்டளை அல்ல. இன்றும் இணையம் எப்படி இயங்க வேண்டும் என்பதற்கான ஆவணங்கள் அந்தப் பெயரில்தான் வருகின்றன. அவற்றின் பதிப்பாசிரியராகப் பொஸ்டெல் சாகும்வரை, ஏறத்தாழ 28 வருடம் இருந்தார். அவர் கண்ணில் பட்டுப் போன குறிப்புகள் 2,400க்கும் மேல். இருநூறுக்கு மேற்பட்டவற்றில் அவரே எழுத்தாளர் அல்லது கூட்டாசிரியர்.

படிப்பு முடிந்து சில இடங்களில் வேலை பார்த்துவிட்டு 1977இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிறுவனத்துக்கு வந்தார். மெரினா டெல் ரே என்ற கடற்கரைப் பகுதியில் இருந்தது அது. அங்கிருந்து பிறகு அசையவே இல்லை. நீண்ட தாடி, பின்னால் கட்டிய முடி, காலில் செருப்பு. விடுமுறை கிடைத்தால் முதுகுப் பையோடு சியரா நெவாடா மலையில் நடப்பார். படங்களில் பார்த்தால் சந்நிதியில் தங்கியிருக்கும் வெளிநாட்டுச் சாமியார்களில் ஒருவர் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

1981 செப்டெம்பரில் அவர் பதிப்பித்த ஆர்.எப்.சி. 791 என்ற ஆவணத்தில்தான் இன்று நாங்கள் பாவிக்கும் ஐ.பி. விலாசம் அதன் முழு வடிவில் இருக்கிறது. நான்கு எண்கள், இடையில் புள்ளி, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மொத்தம் 4,294,967,296 விலாசங்கள். எனக்கு அந்த ஆண்டைப் பார்த்தால் வேறொன்றும் சேர்ந்தே நினைவுக்கு வரும். 1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்கு நெருப்பு வைத்தார்கள். 97,000 அளவான நூல்களும் ஓலைச் சுவடிகளும் போயின. அந்தச் சாம்பல் ஆறி மூன்று மாதம் கழித்து, உலகின் மறுகோடியில், எந்த நூலும் ஒரே இடத்தில் இருக்கத் தேவையில்லாத ஒரு காலத்துக்கான விலாசங்களை ஒருவர் அச்சுக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் நூலகத்தில் எரிந்ததைத் தேடித் தேடி எண்ணிமமாக்கி வைத்திருக்கும் நூலகம் தளத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆண்டு ஞாபகம் வரும்.

அதே மாதம் இன்னொரு குறிப்பும் வந்தது. 790ஆம் இலக்கம். ஒதுக்கப்பட்ட எண்களின் பட்டியல். எந்த வலையமைப்புக்கு எந்த எண் என்று வரிசையாக இருக்கும். அதில் 10ஆம் எண் ஆர்பாநெட்டுக்குரியது. 1990இல் ஆர்பாநெட்டை மூடிவிட்டார்கள். அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. ஆனால் விலாசம் வீண்போகவில்லை. பின்னர் 10இல் தொடங்கும் எண்கள் முழுவதையும் பொதுவில் விட்டார்கள். யாரும் தங்கள் வளவுக்குள் பாவிக்கலாம். உங்கள் அலுவலகக் கணினியில் 10.0.0.5 என்று ஏதாவது காட்டினால், அது பழைய வீட்டின் விலாசம்.

பொஸ்டெலின் எழுத்துக்களில் தொழில்காரர் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் கொள்கை ஒன்று உண்டு. ஒரு கணினி மற்றொன்றுக்கு அனுப்பும்போது விதியை இம்மியும் பிசகாமல் கைக்கொள்ள வேண்டும். மற்றது அனுப்புவதை வாங்கும்போது, சின்னச் சின்னப் பிழை இருந்தாலும் அர்த்தம் விளங்கினால் ஏற்றுக்கொள்ள வேண்டும். வெவ்வேறு கொம்பனிகள் செய்த வெவ்வேறு பெட்டிகள் ஒன்றோடொன்று பேசியதற்கு இது பெரிய காரணம். இப்போதைய பாதுகாப்பு நிபுணர்கள் இதை அவ்வளவாக விரும்புவதில்லை. பிழையை மன்னித்து மன்னித்துப் போனால் கள்ளனும் அதே வழியால் வருவான் என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நானே இப்போது ரவுட்டர் பூட்டும்போது எதையும் தாராளமாகத் திறந்து விடுவதில்லை.

1983 ஜனவரி 1ஆம் திகதி ஆர்பாநெட் முழுவதும் பழைய முறையை விட்டுப் புதிய ஐ.பி. முறைக்கு மாறியது. மாறுவதற்கான திட்டத்தை 1981இலேயே எழுதியவர் பொஸ்டெல். அதற்கு அடுத்த சிக்கல் பெயர்கள். எண்ணை மனிதர் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். நிறுவனத்தில் அவரோடு வேலை செய்த போல் மொக்கபெட்ரிஸ், பொஸ்டெல் கேட்டுக்கொண்டதன் பேரில் 1983இல் பெயர்களை எண்களாக மாற்றித் தரும் முறையை வடிவமைத்தார். அடுத்த வருடம் பொஸ்டெலும் அவரது நீண்டகால உதவியாளர் ஜோய்ஸ் ரெனோல்ட்ஸும் பெயர்களுக்கான விதிகளை எழுதினார்கள். டொட் கொம், டொட் ஓர்க் எல்லாம் அப்போது வந்தவை. அதோடு நாட்டுக்கு இரண்டு எழுத்து.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

எது நாடு? உலகத்தில் இதைவிடச் சண்டை பிடித்த கேள்வி வேறு இல்லை. எங்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதுமில்லை. இரண்டு எழுத்துக் கொடுப்பவர் கையில், விரும்பியோ விரும்பாமலோ, ஒரு அங்கீகாரம் கொடுக்கும் முத்திரை இருக்கிறது. தாடிக்கார ஆராய்ச்சியாளர் ஒருவர் அந்த முத்திரையை எப்படிக் கையாண்டார்? அவர் அதைக் கையில் எடுக்கவே இல்லை. சர்வதேச தர நிர்ணய நிறுவனம் ஏற்கனவே ஒரு பட்டியல் வைத்திருந்தது, 3166 என்ற இலக்கத்தில். அதில் இருந்தால் தருவேன், இல்லாவிட்டால் இல்லை என்பதுதான் அவரது வழி. 1994 மார்ச்சில் வெளியான 1591ஆம் குறிப்பில், எது நாடு, எது நாடல்ல என்று தீர்மானிப்பது எங்கள் தொழில் அல்ல என்ற பொருளில் எழுதியும் வைத்தார். வேறொருவரின் பட்டியலின் பின்னால் ஒளிந்துகொண்டார் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் பிழையில்லை. பலஸ்தீனம் 1999இல் அந்தப் பட்டியலில் ஏறி, 2000ஆம் ஆண்டில்தான் தன் இரண்டு எழுத்தைப் பெற்றது. சோவியத் ஒன்றியமோ உடைந்து முப்பது வருடம் தாண்டியும் அதன் இரண்டு எழுத்து இணையத்தில் உயிரோடு இருக்கிறது. பட்டியலுக்கு நீதி தெரியாது.

ஆனாலும் நான் அவரைக் குறை சொல்லத் தயங்குகிறேன். தன் கையில் இருந்த அதிகாரம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தும், அதைத் தன் விருப்பு வெறுப்புக்குப் பாவிக்காமல் ஒரு ஓரமாக வைத்த ஆட்களை நாங்கள் எத்தனை பேரைக் கண்டிருக்கிறோம்? எங்கள் வாழ்க்கையில் அட்டை தந்தவர்கள், பாஸ் தந்தவர்கள், பதிவு எடுத்தவர்கள் எல்லோரும் அந்தப் பேனாவை எப்படிப் பிடித்தார்கள் என்று வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இலங்கைக்கான இரண்டு எழுத்து, டொட் எல்.கே., 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி பதிவானது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் அபய இந்துருவ அதன் பொறுப்பாளரானார். அரசாங்கத்திடம் அல்ல, பல்கலைக்கழகத்தில் இருந்த ஒருவரிடம் போனது என்பதைக் கவனியுங்கள். அந்தந்த இடத்தில் இதை விளங்கிச் செய்யக்கூடிய, ஊர்ச் சனத்துக்காகப் பொறுப்பெடுக்கக்கூடிய ஒருவரைத் தேடிக் கொடுப்பது பொஸ்டெலின் பழக்கம். பெரும்பாலும் ஒரு மின்னஞ்சலோடு காரியம் முடிந்துவிடும்.

அந்த ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது? ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியிருந்தது. கோட்டையைச் சுற்றிச் சமர். மின்சாரம் போய்விட்டது. அது திரும்பி வரப் பல வருடமானது. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் விற்றது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, மேலே கொஞ்ச எண்ணெய் ஊற்றிப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். எங்கள் குடும்பம் வீட்டை விட்டு வெளிக்கிட்டதும் அந்த வருடம்தான். எனக்கு அப்போது ஏழு வயது. நாட்டுக்கு உலக வலையில் ஒரு விலாசம் கிடைத்த மாதத்தில் எங்களுக்கு விலாசம் இல்லாமல் போனது. இது யாருடைய சூழ்ச்சியும் அல்ல. மொறட்டுவையில் அந்த வேலையைச் செய்தவர்களுக்கு நன்றிதான் சொல்ல வேண்டும். பிற்பாடு 2010இல் டொட் இலங்கை என்று தமிழ் எழுத்திலேயே ஒரு விலாசம் வந்தது. அதைப் பாவிக்கிறவர்கள் குறைவு என்பது வேறு கதை.

திரும்பவும் பொஸ்டெலிடம் வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் இணையத்துக்குக் காசு வந்தது. அதுவரை இலவசமாகக் கிடைத்த பெயர்ப் பதிவுக்கு 1995 செப்டெம்பரிலிருந்து வருடத்துக்கு 50 டொலர் அறவிடத் தொடங்கினார்கள். அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் செய்திருந்த நெட்வேர்க் சொலூஷன்ஸ் என்ற தனியார் நிறுவனம் அதைச் செய்தது. பெயர்களை யார் விற்பது, புதிய பெயர்களை யார் அனுமதிப்பது, எண்களின் பட்டியல் யாருக்குச் சொந்தம் என்று வழக்கும் வாதமும் எழுந்தன. பொஸ்டெல் எந்தச் சட்டத்தின் கீழ் இதைச் செய்கிறார் என்று சட்டத்தரணிகள் கேட்டார்கள். உண்மையில் சட்டம் என்று ஒன்றும் இல்லை. பாதுகாப்புத் திணைக்களப் பணத்தில் பல்கலைக்கழகம் செய்த ஆராய்ச்சி ஒப்பந்தம் ஒன்று இருந்தது. அதைவிட அந்த மனிதரில் எல்லோரும் வைத்த நம்பிக்கை இருந்தது. அவ்வளவும்தான்.

1998 ஜனவரி 28ஆம் திகதி அவர் வாழ்நாளிலேயே பெரிய சர்ச்சைக்குரிய காரியத்தைச் செய்தார். உலகின் பெயர்ப் பட்டியலை வைத்திருக்கும் மூல வழங்கிகளில் எட்டின் பொறுப்பாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். இனிமேல் பட்டியலை நெட்வேர்க் சொலூஷன்ஸிடமிருந்து எடுக்க வேண்டாம், என் கணினியிலிருந்து எடுங்கள் என்றார். எட்டுப் பேரும் மறுபேச்சில்லாமல் அப்படியே செய்தார்கள். இணையத்தில் ஒருவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, ஏனென்றால் பட்டியல் அதேதான். ஆனால் வெள்ளை மாளிகைக்கு வித்தியாசம் தெரிந்தது. இந்த விவகாரத்தைக் கவனித்துவந்த கிளின்டனின் ஆலோசகர் ஐரா மகசினர் உடனே பழையபடி மாற்றச் சொன்னார். சில நாட்களில் பொஸ்டெல் மாற்றினார். அது வெறும் பரிசோதனை என்று விளக்கம் கொடுத்தார். பரிசோதனைதானா, அல்லது இந்த வலை யாருடைய சொல்லைக் கேட்கும் என்று அரசாங்கத்துக்குக் காட்ட நினைத்தாரா? அவருடைய நண்பர்களே இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறார்கள். என் கணிப்பு இரண்டாவது. இருபத்தைந்து வருடம் கொப்பி எழுதியவரிடம் கொப்பி உன்னுடையது அல்ல என்று சொன்னால் கோபம் வரும்தானே.

அவருக்கும் விளங்கியிருந்தது, ஒரு ஆளின் தலையில் இதை வைத்திருக்க முடியாது என்று. பட்டியலை நிறுவனமொன்றிடம் கையளிக்கும் வேலையில் அந்த வருடம் முழுவதும் ஓடித் திரிந்தார். ஐகான் என்ற அந்த அமைப்பு 1998 செப்டெம்பர் 30ஆம் திகதி உருவானது. பதினாறு நாள் கழித்து, ஒக்டோபர் 16ஆம் திகதி, இருதய வால்வுச் சத்திரசிகிச்சைக்குப் பின்னான சிக்கல்களால் லொஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார். வயது 55. நண்பர் வின்ட் சேர்ஃப் எழுதிய இரங்கலுரை வேறெங்கும் அல்ல, ஆர்.எப்.சி. வரிசையில் 2468ஆம் இலக்கமாக வெளிவந்தது. பொருத்தமான இடம்.

அந்த ஒக்டோபரில் எங்களுக்கு அவர் யாரென்றே தெரியாது. செப்டெம்பர் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து, அதில் போன 55 பேரும் திரும்பவில்லை. கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த சனம் இன்னும் கூடியது. மாமாவின் மகளுக்குக் கொழும்பில் விசா நேர்முகம் இருந்தது. அவளுடைய பெயர் பட்டியலில் எத்தனையாவது என்று பார்க்க ஒவ்வொரு நாளும் நான்தான் சைக்கிளில் போய் வருவேன். இன்டர்நெட் என்ற சொல்லையே நான் காதால் கேட்டது சமாதான காலத்தில், ஏ9 திறந்த பிறகு.

இனி 192.168 கதைக்கு வருவோம். ஐயாவுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான். விலாசங்கள் ஒருநாள் தீர்ந்துபோகும் என்று தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அதனால் பொஸ்டெலின் கந்தோர் மூன்று தொகுதிகளைப் பொதுவில் ஒதுக்கிவிட்டது. 10இல் தொடங்குவது ஒன்று, 172.16 முதல் 172.31 வரை ஒன்று, 192.168இல் தொடங்குவது மற்றது. 1996 பெப்ரவரியில் வந்த 1918ஆம் குறிப்பில் இவை இருக்கின்றன. அதை எழுதியவர்கள் வேறு ஐந்து பேர். இந்த எண்களுக்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, காசு கட்டத் தேவையில்லை. ஆனால் வளவுக்கு வெளியே செல்லாது. வெளியே போகும்போது ரவுட்டர் தன் பொது விலாசத்தைப் போட்டுக் கடிதத்தை அனுப்பும், பதில் வந்ததும் உள்ளே யார் அனுப்பினார் என்று பார்த்துக் கொடுக்கும். முகாமில் ஒரே விலாசத்துக்கு எல்லோருடைய கடிதமும் வந்து, பொறுப்பாளர் பிரித்துக் கொடுத்த மாதிரி.

கடைசியாக மிஞ்சியிருந்த பெருந்தொகுதிகளை 2011 பெப்ரவரி 3ஆம் திகதி பங்கிட்டு முடித்துவிட்டார்கள். எங்கள் ஆசியப் பகுதிக்கான கையிருப்பு அந்த ஏப்ரலிலேயே அடிமட்டத்துக்கு வந்தது. இதன் விளைவை நான் கிழமைக்கு ஒருதரமாவது பார்க்கிறேன். ஊரில் தனியாக இருக்கும் அம்மாவைப் பார்க்க இலண்டனிலிருந்து மகன் காசு அனுப்பிக் கமரா பூட்டச் சொல்வார். 4ஜி ரவுட்டரில் பூட்டினால் வெளிநாட்டிலிருந்து நேரே திறக்காது. ரவுட்டரின் வெளிப்பக்க விலாசத்தைப் பார்த்தால் 100.64க்கும் 100.127க்கும் இடையில் ஏதாவது இருக்கும், அல்லது 10இல் தொடங்கும். அப்படியென்றால் அந்த வீட்டுக்குப் பொது விலாசமே இல்லை. நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரு விலாசத்துக்குள் இருக்கின்றன. கமராக் கொம்பனியின் சொந்தச் சேவை வழியாகச் சுற்றிப் போனால் பார்க்கலாம், அல்லது இணைப்புத் தருபவரிடம் நிலையான விலாசத்துக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். பூட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். பூட்டிய பிறகு தொழில்காரனோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

பொஸ்டெலின் பெயரில் இணையச் சங்கம் 1999 முதல் விருது கொடுக்கிறது. முதல் விருது அவருக்கே, இறந்த பின். 2014இல் அது நேபாளத்தின் மகாபீர் புன் என்பவருக்குப் போனது. ரோட்டே இல்லாத மலைக் கிராமங்களுக்கு மரத்திலும் கம்பத்திலும் அன்ரெனா கட்டி வைஃபை கொண்டுபோன ஆசிரியர் அவர். விருது சரியான ஆளிடம்தான் போயிருக்கிறது.

நிலையத்தில் நான் கடைசியில் செய்தது சின்ன வேலை. ரவுட்டர் 192.168.1.1. பக்கத்து முன்பள்ளிக் கட்டடத்துக்குப் போட்ட இரண்டாவது பெட்டி 192.168.1.2. அதில் தானாக எண் கொடுக்கும் டி.எச்.சி.பி. வசதியை நிறுத்தினேன். நிறுத்தாவிட்டால் ஒரு ஊருக்கு இரண்டு கிராம சேவகர் காணி பிரித்த கதையாகிவிடும். 3 முதல் 49 வரை நாங்கள் கையால் கொடுக்கும் நிலையான எண்கள், பிரிண்டர் 10. பிள்ளைகளின் போன்களுக்கு 100 முதல் 199 வரை. ஒரு எண்ணை வைத்திருக்கும் நேரத்தை ஒரு நாளிலிருந்து இரண்டு மணித்தியாலமாகக் குறைத்தேன். வந்து போகிற இடம், போனவரின் எண்ணை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்.

தபாலதிபர் ஐயா ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி வந்து, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, எண், பொருள், திகதி என்று தலைப்பெழுதி ரவுட்டருக்குக் கீழே ஆணியில் கட்டித் தூக்கியிருக்கிறார். அவரைக் கேட்காமல் இனி ஒருவரும் எண் போடக் கூடாதாம். போன கிழமை வாசலில் கமரா ஒன்று பூட்டப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியைப் புரட்டிப் பார்த்து, 11 சும்மா கிடக்கிறது தம்பி, எடும் என்றார்.